எழுதத் தெரிந்த உலாவி: 1990 முதல் 1996 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெனீவாவை ஒட்டியுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில், இணைப்புகளால் பிணைந்த பக்கங்களின் தொகுப்பான உலகளாவிய வலையை வடிவமைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் உருவாக்கிய உலகின் முதல் இணைய உலாவி, பக்கங்களைக் காட்டியதோடு நிற்கவில்லை. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தை அதே சாளரத்தில் திருத்தலாம். புதிய பக்கத்தை எழுதலாம். ஒரு பக்கத்தை இன்னொன்றோடு இணைக்கலாம். ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவிய உலாவிகள் எல்லாம் படிப்பதற்கு மட்டுமே உரியவையாக இருந்தன. எழுதும் திறன் எந்த இடத்தில், எந்தக் காரணங்களால் விடுபட்டது, அது விடுபடாமல் இருக்க ஏதேனும் ஒரு கட்டத்தில் உண்மையான வாய்ப்பு இருந்ததா என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, 1993-இல் வந்த மொசைக் உலாவி படங்களைக் காட்டி மக்களைக் கவர்ந்துவிட்டது, அதனால் எழுதும் உலாவி பின்தங்கியது என்பதாகும். நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த விடை போதவில்லை. மொசைக் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, செர்ன் ஆய்வகத்துக்கு உள்ளேயே, எழுதும் திறன் கைவிட்டுப் போகத் தொடங்கியிருந்தது. அதைவிட முக்கியமாக, எழுதியதைக் கொண்டுபோய்ச் சேமிக்கும் வழியை யாரும் அப்போது முடித்துவைக்கவில்லை. என் மதிப்பீட்டில் உலாவியின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்தக் குறையே.

முதல் உலாவி எப்படி இயங்கியது

பெர்னர்ஸ்-லீ அந்த உலாவியை எழுதியது, ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறிய பின் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினியில். எழுத்துகளின் அளவையும் தடிப்பையும் மாற்றி, திருத்திக்கொண்டே இருக்கக்கூடிய ஓர் உரைப்பகுதியை அந்தக் கணினியின் இயங்குதளமே ஆயத்தமாகத் தந்தது. அதன் மேல் இணைப்புகளைக் கையாளும் திறனைச் சேர்த்தால் போதுமானதாக இருந்தது. வேறு கணினியில் ஓராண்டு பிடித்திருக்கும் வேலை இதனால் ஓரிரு மாதங்களில் முடிந்தது என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். எழுதும் திறன் முதல் உலாவியில் இருந்ததற்கு அவருடைய நோக்கம் ஒரு காரணம் என்றால், அந்த இயந்திரம் இன்னொரு காரணம். அந்த இயந்திரம் இல்லாத இடங்களில் நோக்கம் மட்டும் போதவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

அதில் ஓர் இணைப்பை உருவாக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. இணைப்பு எங்கே போய்ச் சேர வேண்டுமோ அந்தப் பக்கத்தைத் திறந்து, உரிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் உள்ள ஒரு கட்டளையால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இணைப்பு எங்கிருந்து புறப்பட வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு வந்து, சொற்களைத் தேர்ந்தெடுத்து, 'குறித்ததோடு இணை' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். முகவரி எதையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. பக்கத்தின் அமைப்பைக் குறிக்கும் எச்டிஎம்எல் மொழியின் குறிச்சொல் எதுவும் எழுதுகிறவர் கண்ணில் படாது. இன்னொரு கட்டளை, தேர்ந்தெடுத்த சொல்லுக்கு ஒரு புதிய வெற்றுப் பக்கத்தை உருவாக்கி, அதனோடு இணைப்பையும் போட்டுத் தந்தது. எழுதிக்கொண்டே போகும்போது விளக்கம் தேவைப்படும் சொல் வந்தால், அந்தச் சொல்லிலிருந்தே அடுத்த பக்கம் பிறக்கும் ஏற்பாடு அது.

இந்த ஏற்பாடு உலாவியின் மற்ற அம்சங்களையும் தீர்மானித்தது. ஒவ்வோர் இணைப்பும் தனிச் சாளரத்தில் திறந்தது, ஏனெனில் இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தால்தான் ஒன்றை மற்றொன்றோடு பிணைக்க முடியும். பக்கத்தின் முகவரி சாளரத்தின் தலையில் நிரந்தரமாக இடம்பிடிக்கவில்லை; முகவரி என்பது இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் ஒன்றாகவே கருதப்பட்டது. தலைப்புகளும் பத்திகளும் எந்த எழுத்துருவில், எந்த அளவில் தெரிய வேண்டும் என்பதைப் படிப்பவரே தம் கணினியில் அமைத்துக்கொண்டார். 'அடுத்தது', 'முந்தையது' என்ற இரண்டு கட்டளைகளும் இன்றைய உலாவிகளின் முன்பின் பொத்தான்களைப் போன்றவை அல்ல. ஒரு பட்டியல் பக்கத்திலிருந்து அதன் மூன்றாவது இணைப்புக்குப் போயிருந்தால், 'அடுத்தது' என்ற கட்டளை, பட்டியலுக்குத் திரும்பாமலே நான்காவது இணைப்பைத் திறந்துவிடும். தேடல் முடிவுகளையோ ஒரு நூலின் அத்தியாயங்களையோ வரிசையாகப் பார்க்கிறவருக்கு இது எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்று எண்ணிப் பார்க்கலாம். இது பின்னாளில் பரவிய உலாவிகளில் நிலைக்காமல் போனதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு பெரிய வரம்பு இருந்தது. இந்த உலாவியால் பக்கங்களை வைத்திருந்து கேட்பவருக்கு வழங்கும் தொலைவுக் கணினிகளான சேவையகங்களிலிருந்து பக்கங்களைப் பெற முடிந்தது. சேமிப்பது மட்டும் தன் கணினியின் கோப்பு அமைப்புக்குள்தான் முடிந்தது. உலாவியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் விதிகளான அன்றைய எச்டிடிபி நெறிமுறையில் 'கெட்' என்ற ஒரே கட்டளை இருந்தது. பக்கத்தைக் கொடு என்று கேட்க அது போதும். இந்தப் பக்கத்தை வாங்கி வைத்துக்கொள் என்று சேவையகத்திடம் சொல்லும் 'புட்' கட்டளை அப்போது செயல்படுத்தப்படவில்லை.

இரண்டாம் கட்டம் என்று ஒதுக்கப்பட்ட எழுத்து

பெர்னர்ஸ்-லீயும் செர்னில் அவருடைய சக ஊழியரான ராபர்ட் காயோவும் 1990 நவம்பர் 12 நாளிட்டு அளித்த திட்ட முன்மொழிவில் இந்தப் பிரிவினை எழுத்திலேயே இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் வெவ்வேறு கணினிகளுக்கான எளிய உலாவிகளைத் தயாரித்து, ஏற்கெனவே இருக்கும் தகவல்களைப் படிக்க வழிசெய்வது. அடுத்த மூன்று மாதங்களில் பயனர்களே புதிய பக்கங்களையும் இணைப்புகளையும் சேர்க்க வழிசெய்வது. நான்கு மென்பொருள் பொறியாளர்களும் ஒரு நிரலாளரும் தேவை என்று கேட்டிருந்தார்கள். கேட்ட ஆட்பலம் கிடைக்கவில்லை. ஆள் பற்றாக்குறையில் நடக்கும் எந்தத் திட்டத்திலும் நேர்வது இங்கேயும் நேர்ந்தது: முதல் கட்டம் நீண்டது, இரண்டாம் கட்டம் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது.

செர்னில் நெக்ஸ்ட் கணினி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களிடம் இருந்தவை பல வகைக் கணினிகளும், பெருங்கணினியோடு இணைந்த திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட முனையங்களும். எனவே நிக்கோலா பெல்லோ என்ற மாணவி, எந்த முனையத்திலும் இயங்கக்கூடிய வரிமுறை உலாவியை எழுதினார். அதில் சுட்டெலி இல்லை, எழுத்துரு இல்லை. திரையில் வரி வரியாக உரை வரும். இணைப்புள்ள சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். திருத்த வழியே கிடையாது. மிகச் சாதாரண முனையம் வைத்திருப்பவருக்கும் வலையைத் திறந்துவிட்டது என்ற வகையில் இது அருமையான பணி. அதே சமயம், வலை என்றால் படித்துக்கொண்டு போவது என்ற பழக்கத்தைப் பெரும்பாலானோருக்கு முதலில் ஏற்படுத்தியதும் இதுவே. நெக்ஸ்ட் உலாவியைத் தொட்டுப் பார்த்தவர்களைவிட வரிமுறை உலாவி வழியாக வலையை அறிந்தவர்கள் பல மடங்கு அதிகம்.

மக்கள் எதற்காக வலைக்கு வந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். செர்ன் ஊழியர்களை முதலில் ஈர்த்தது ஆய்வகத்தின் தொலைபேசிப் புத்தகம். அது பெருங்கணினியில் ஒரு தரவுத்தளமாக இருந்தது. பெர்ன்ட் போலர்மான் அதை வலையில் கிடைக்கச் செய்தார். 1991 டிசம்பரில் பால் குன்ஸ் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தில் நிறுவிய, ஐரோப்பாவுக்கு வெளியே அமைந்த முதல் சேவையகமும், இயற்பியல் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்பையர்ஸைத் தேடிப் பார்க்கவே பயன்பட்டது. பெயரைக் கேட்டால் எண்ணைத் தரும் பக்கத்தை யாரும் திருத்தி எழுதப்போவதில்லை. அது கோப்பாக எங்கும் இருக்கவில்லை, கேட்ட கணத்தில் நிரல் ஒன்று உருவாக்கித் தந்தது. ஆக, வலைக்குக் கூட்டம் சேர்த்த முதல் இரண்டு பயன்பாடுகளிலுமே எழுதும் உலாவிக்கு வேலை இல்லை. இந்தச் செய்தி வலையின் வரலாற்றைச் சொல்பவர்களால் வேறு நோக்கில் பேசப்படுகிறது; உலாவியின் வடிவத்தை ஆராய்கிறவர்கள் இதற்கு இன்னும் அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாணவர்கள், எக்ஸ் விண்டோ, மொசைக்

பல்கலைக்கழகங்களில் பரவியிருந்த யூனிக்ஸ் கணினிகளில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ சூழலுக்கு உலாவி எழுதும்படி பெர்னர்ஸ்-லீ கேட்டுக்கொண்டதைத் தொடர்ந்து 1992-இல் பல முயற்சிகள் வெளிவந்தன. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் எர்வைஸைத் தயாரித்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பெய்-யுவான் வெய் வயோலாவைத் தயாரித்தார். பக்கத்துக்குள் சிறு நிரல்களை இயக்குவதும் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைதாள்களும் அதில் அப்போதே இருந்தன என்பது இன்றும் வியப்பளிக்கிறது. ஒவ்வொரு குழுவிடமும் திருத்தும் வசதியையும் சேர்க்குமாறு பெர்னர்ஸ்-லீ வலியுறுத்தினார், ஒருவரும் சேர்க்கவில்லை. எக்ஸ் விண்டோவில் நெக்ஸ்ட் கணினியைப் போல ஆயத்தமான உரைப்பகுதி கிடையாது. எழுத்தளவு மாறும் உரையை, இணைப்புகளையும் பட்டியல்களையும் சிதைக்காமல் திருத்த வைப்பது, ஒரு பக்கத்தைத் திரையில் வரைவதைவிடப் பன்மடங்கு கடினமான வேலை. காட்டுவதற்குப் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தால் மறுநாளே பாராட்டு வரும். திருத்தும் வசதிக்குப் பல மாதங்கள் யாரும் காணாமல் உழைக்க வேண்டும். பட்டத்துக்காகத் திட்டப்பணி செய்யும் மாணவர் எதைத் தேர்வார் என்பதில் ஐயமில்லை.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ என்ற மீக்கணினி மையத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் எழுதிய மொசைக்கின் முதல் சோதனைப் பதிப்பு 1993 ஜனவரியில் வெளியானது. பிப்ரவரி 25 அன்று ஆண்ட்ரீசன், பக்கத்துக்குள் படத்தைக் காட்ட ஐஎம்ஜி என்ற புதிய குறிச்சொல்லை முன்மொழிந்தார். மைடாஸ் என்ற உலாவியை உருவாக்கிய டோனி ஜான்சன் ஏறக்குறைய அதே வகையில் வேறொரு குறிச்சொல்லைத் தாம் பயன்படுத்துவதாகச் சொன்னார். பெர்னர்ஸ்-லீயோ, படமும் ஓர் இணைப்பாகவே இருக்கட்டும், அதை உள்ளே பதித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பை மட்டும் இணைப்போடு சேர்க்கலாம் என்றார். விவாதம் முடியும்வரை மொசைக் காத்திருக்கவில்லை. ஐஎம்ஜியுடன் அது வெளிவந்தது, அதுவே நிலைத்தது. பரவலாகப் பயன்பாட்டில் உள்ள நிரல் எதைச் செய்கிறதோ அதுவே தரம் என்ற நிலை அன்று தொடங்கியது.

மொசைக் எழுத்தை முற்றிலும் புறக்கணித்தது என்று சொல்வது அநியாயம். படிக்கும் பக்கத்தில் ஒருவர் தம் குறிப்புகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. ஒரு குழுவினர் ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்கும்படி பகிரும் வசதியும் தொடக்கத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. குழுக் குறிப்பு ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு ஆண்ட்ரீசன் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன காரணம் இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது: எல்லாருடைய குறிப்புகளையும் வைத்துக்கொள்ள ஒரு சேவையகம் தேவைப்பட்டது, அவ்வளவு பெரிய அளவுக்கு அதைக் கட்டியெழுப்ப அவர்களுக்கு நேரம் இல்லை. இங்கேயும் குறை உலாவியில் இல்லை. எழுதியதை வைக்க இடம் இல்லை என்பதுதான் குறை.

சேமிக்க இடமில்லாத பக்கம்

இதனால்தான், மொசைக் குழு திருத்தும் வசதியைச் சேர்த்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்ற ஊகத்தை ஏற்க இயலவில்லை. 1993-இல் எழுதும் உலாவி ஒன்று எல்லாருக்கும் கிடைத்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பக்கத்தைத் திருத்திவிட்டுச் 'சேமி' என்றால் என்ன நடக்க வேண்டும்? அந்தச் சேவையகம் 'புட்' கட்டளையைப் புரிந்துகொள்ள வேண்டும். எழுத வந்தவர் யார் என்று அதற்குத் தெரிய வேண்டும். அன்று உருவான அடிப்படை அங்கீகார முறை கடவுச்சொல்லை மறையாக்கம் ஏதுமின்றி அனுப்பியது. இருவர் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திருத்தினால், பின்னால் சேமிப்பவர் முன்னவரின் எழுத்தை அறியாமலே அழித்துவிடாதபடி காக்க வேண்டும். மேலும், எழுத நினைப்பவருக்குச் சேவையகம் ஒன்றில் சொந்தமாகக் கொஞ்சம் இடம் வேண்டும். தொலைபேசி வழி இணைப்பில் அவ்வப்போது வந்துபோகும் வீட்டுக் கணினி தானே சேவையகமாக இருக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் விடைகள் வந்தன. ஆனால் தாமதமாக வந்தன. 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணமான ஆர்எஃப்சி 1945-இல் 'கெட்', பக்கத்தின் விவரங்களை மட்டும் கேட்கும் 'ஹெட்', தரவைச் சேவையகத்திடம் கொடுக்கும் 'போஸ்ட்' ஆகிய மூன்றும் முதன்மைப் பகுதியில் உள்ளன. 'புட்' பின்னிணைப்பில், எல்லாரும் ஒரே மாதிரி செயல்படுத்தாத கூடுதல் கட்டளைகளின் வரிசையில் நிற்கிறது. அதே பின்னிணைப்பில் 'லிங்க்', 'அன்லிங்க்' என்ற கட்டளைகளும் உண்டு. 1990-ஆம் ஆண்டு உலாவியின் பட்டியலில் இருந்த செயல்களை நெறிமுறையில் கொண்டுவர எண்ணிய முயற்சியின் தடயங்களாகவே அவற்றை நான் படிக்கிறேன். 1997 ஜனவரியில் எச்டிடிபி 1.1 வந்தபோது 'புட்' முதன்மைப் பகுதிக்கு ஏறியது. பக்கத்தைப் பூட்டி வைத்துத் திருத்தும் முறையை வெப்டாவ் நெறிமுறை 1999-இல் வரையறுத்தது.

இந்த இடைவெளியில் எழுத்து வேறு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. 1993 நவம்பரில் வந்த மொசைக் 2.0, பயனர் நிரப்பி அனுப்பும் படிவங்களைக் கையாண்டது. என்சிஎஸ்ஏ சேவையகத்தில் பிறந்த சிஜிஐ முறை, படிவத்தில் நிரப்பியதை வாங்கி ஒரு நிரலிடம் கொடுத்தது. ஒரு வெறும் உரைப்பெட்டி, ஒரு பொத்தான், மறுபுறத்தில் ஒரு நிரல் என்ற இந்த அமைப்பை வைத்தே வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச்சில் படிப்பவர்களே திருத்தக்கூடிய தளமான முதல் விக்கியைத் தொடங்கினார். யார் எழுதலாம், எங்கே சேமிப்பது, முந்தைய வடிவத்தை வைத்திருப்பதா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தந்தத் தளமே தன் போக்கில் விடை சொல்லிக்கொண்டது. உலாவி எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பயன் உடனே கிடைத்தது, உண்மைதான். ஆனால் எழுதும் கருவி எழுதுகிறவரின் கையிலிருந்து தளத்தை நடத்துகிறவரின் கைக்கு மாறியது. ஒவ்வொரு தளத்திலும் வெவ்வேறு பெட்டி, வெவ்வேறு விதி, வெவ்வேறு கணக்கு. எழுதியதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமை மக்களிடமிருந்து எப்படி நழுவியது என்று இன்று கவலைப்படுகிறவர்கள் இந்தக் கட்டத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிந்தி வந்த சான்றுகள்

எழுதும் உலாவிகள் மீண்டும் வந்தன என்பதும், வந்தும் நிலைக்கவில்லை என்பதும் இந்த வாதத்தைச் சோதிக்க உதவுகின்றன. உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் 1996-இல் நேவிகேட்டர் கோல்டு என்ற பதிப்பில் திருத்தும் வசதியைத் தந்தது. வலையின் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியமும் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் உருவாக்கிய அமாயா, பெர்னர்ஸ்-லீயின் முதல் எண்ணத்துக்கு மிக நெருக்கமானது: பார்க்கும் பக்கத்தை அங்கேயே திருத்தி, 'புட்' வழியாகச் சேவையகத்துக்கே திருப்பி அனுப்பும். 1996 முதல் 2012 வரை அது பராமரிக்கப்பட்டது. இருந்தும் பொதுமக்களிடம் பரவவே இல்லை.

அமாயா மெதுவாக இயங்கியது, தோற்றம் கவர்ச்சியாக இல்லை என்பவை குறைகள்தாம். ஆனால் அடிப்படைக் காரணம், அது வந்த நாளில் பக்கம் என்பதே மாறிவிட்டிருந்தது. 1990-இல் பக்கம் என்பது ஒரு கோப்பு; திருத்தினால் அதே கோப்பில் எழுதிவிடலாம். 1996-க்குள் வணிகத் தளங்களின் பக்கங்கள் தரவுத்தளத்திலிருந்தும் வார்ப்புருக்களிலிருந்தும் அந்தந்த நொடியில் நிரல்களால் கோக்கப்பட்டுக்கொண்டிருந்தன. செர்ன் தொலைபேசிப் புத்தகம் அன்று விதிவிலக்காக இருந்தது. அதுவே பிறகு விதியானது. அப்படிக் கோக்கப்பட்ட பக்கத்தில் ஒரு வாக்கியத்தை உலாவியில் திருத்தினால், அந்தத் திருத்தம் எந்தத் தரவுத்தளத்தின் எந்த வரிக்குப் போக வேண்டும் என்று உலாவிக்குத் தெரிய வழியில்லை. எழுதும் உலாவிக்குத் தேவையான நெறிமுறை கைக்கு வந்தபோது, அதற்கேற்ற பக்கங்கள் சிறுபான்மையாகிவிட்டன.

மாற்று வழி எங்கே இருந்தது

ஆகவே உண்மையான வாய்ப்பு இருந்த காலம் குறுகியது: வலையைப் பெர்னர்ஸ்-லீ பொதுவில் அறிவித்த 1991 ஆகஸ்ட் தொடங்கி, படிவங்கள் பரவத் தொடங்கிய 1993 இறுதிவரை. அந்த இரண்டேகால் ஆண்டுகளில் பக்கங்கள் பெரும்பாலும் கோப்புகளாகவே இருந்தன, சேவையகங்களின் எண்ணிக்கை குறைவு, அவற்றை நடத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். கேட்ட ஐவரில் ஒரே ஒரு பொறியாளரையாவது செர்ன் தந்திருந்து, அவர் உலாவியைத் தொடாமல் சேவையகத்தின் பக்கம் அமர்ந்து 'புட்' கட்டளையையும் எழுத அனுமதி பெற்றவர்களின் பட்டியலையும் முடித்திருந்தால், 1992-இல் எர்வைஸையும் வயோலாவையும் எழுதியவர்களுக்குத் திருத்தும் வசதி சேர்ப்பதில் பொருள் இருந்திருக்கும். முழுமையான திருத்தி தேவைப்பட்டிருக்காது. பக்கத்தின் மூலத்தை ஓர் எளிய உரைப்பெட்டியில் திறந்து, மாற்றி, திருப்பி அனுப்பும் வசதி போதும். எக்ஸ் விண்டோவில் அன்று அதற்குத் தடையில்லை. பிற்கால விக்கிகள் வெற்றி பெற்றது இந்த எளிய வடிவத்தால்தான்.

அந்த வழியில் வளர்ந்த உலாவி எப்படி இருந்திருக்கும் என்பதில் சிலவற்றை ஓரளவு உறுதியாகக் கணிக்கலாம். இரண்டு பக்கங்களை அருகருகே வைப்பது இயல்பான நிலையாக இருந்திருக்கும். ஒரே சாளரமும் பின்செல்லும் பொத்தானும் படிப்பவருக்குப் போதும், எழுதுகிறவருக்குப் போதாது. இணைப்பைக் குறித்துப் பிணைக்கும் கட்டளைகள் இருந்திருந்தால் முகவரியைக் கையால் எழுதும் தேவை குறைந்து, மொசைக் முகவரிக்குக் கொடுத்த முதன்மையான இடம் சுருங்கியிருக்கும். கணக்கும் அடையாளமும் உலாவியிலேயே ஒருமுறை அமைக்கப்படுவனவாக வளர்ந்திருக்கலாம். வலை வேகமாகப் பரவியிருக்குமா என்றால், மொசைக் அளவுக்குப் பரவியிருக்காது என்றே நினைக்கிறேன். படங்களும் எளிதான நிறுவலும் செய்த வேலையை எழுதும் வசதி செய்திருக்காது. அநாமதேயர்கள் பக்கங்களைக் கெடுக்கும் சிக்கலும் முன்கூட்டியே வந்து, அனுமதி முறைகளை இறுக்கியிருக்கும். வணிகத் தளங்கள் தரவுத்தளங்களை நாடுவதையும் எதுவும் தடுத்திருக்காது. ஆனால் தனிமனிதர், ஆசிரியர், சிறு சங்கம் எழுதும் பக்கங்கள் கோப்புகளாகவே தொடர்ந்து, எந்த உலாவியாலும் திருத்தக்கூடிய நிலையில் இருந்திருக்கும். எழுத விரும்புபவர் முதலில் ஒரு நிறுவனத்தின் தளத்தில் உறுப்பினராக வேண்டும் என்ற கட்டாயம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

எச்டிஎம்எல் படிவங்கள் வரையறுக்கப்பட்டபோது அவற்றுக்கு 'கெட்', 'போஸ்ட்' என்ற இரண்டு வழிகளே கொடுக்கப்பட்டன. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 ஆவணம் அதையே பதிவு செய்தது. அதன் பிறகு தரம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இன்றும் ஒரு படிவத்தால், பக்கத்துக்குள் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் துணையின்றி, 'புட்' கட்டளையை அனுப்ப இயலாது.